வலியைத் தேடிய மருத்துவர்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு காப்பித் தோட்டங்களில் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டையைத் தெரிந்திருக்கும். அது கடிக்கும்போது தெரியாது. கணுக்காலில் ஏதோ பிசுபிசுப்பு தட்டுப்பட்டுக் குனிந்து பார்க்கும்போது இரத்தம் வழிந்துகொண்டிருக்கும். இரத்தத்தை உறையவிடாத ஒரு பொருளை அது கடிவாயில் செலுத்திவிடுவதால், அட்டை வயிறு நிறைந்து விழுந்த பிறகும் கசிவு சற்று நேரம் நீடிக்கும். அதே தோட்டத்தில் ஒரு முள் குத்தினால் நடப்பது வேறு. மூளை யோசிப்பதற்கு முன்பே கால் தானாக விலகிக்கொள்கிறது. முள் செய்யும் தீங்கை உடல் உடனே அறிகிறது. அட்டை செய்யும் தீங்கை அறிவதில்லை. வலி உள்ள உடலுக்கும் வலி அற்ற உடலுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாட்டைத் தன் வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ஒரு மருத்துவரைப் பற்றி எழுதுவதற்காகவே இதைச் சொல்கிறேன். அவர் டாக்டர் பால் பிராண்ட்.

பெயர் அந்நியமாக ஒலித்தாலும் அவர் தமிழ் மண்ணில் பிறந்தவர். பழனி மலைத்தொடருக்கு வடகிழக்கே உள்ள கொல்லிமலையில் 1914 ஜூலை 17 அன்று பிறந்தார். வேலூரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். 2003 ஜூலை 8 அன்று அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மறைந்தார். தொழுநோய் மருத்துவ வரலாற்றில் அவருக்கு நிலையான இடம் உண்டு. ஆனால் இன்று அவரை நாம் நினைக்க வேண்டியதற்குத் தொழுநோய் மட்டும் காரணமன்று. நம் வீடுகளில் பரவிவிட்ட இன்னொரு நோய் அவருடைய பாடத்தை மீண்டும் தேவையாக்கியிருக்கிறது.

கொல்லிமலைச் சிறுவன்

பாலின் பெற்றோர் ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் கிறித்தவ மிஷனரிகள். கொல்லிமலையில் அன்று மருத்துவமனை இல்லை. எனவே பல் பிடுங்குவதும் புண்ணுக்கு மருந்திடுவதும் நரம்புச் சிலந்திப் புழுவை வெளியே எடுப்பதும் அவர்களுடைய வேலையாயின. அந்த வீட்டுத் திண்ணையில் ஒருநாள் நடந்த நிகழ்ச்சி பாலின் நினைவில் நீங்காமல் தங்கியது. விரல்கள் மழுங்கிய மூவர் சிகிச்சை கேட்டு வந்தார்கள். எந்த நோயாளியிடமும் தயங்காத தந்தை அன்று கையுறை அணிந்து கட்டுப் போட்டார். பிள்ளைகளை உள்ளே இருக்கச் சொன்னார்கள். அவர்கள் போன பிறகு, அமர்ந்திருந்த இடத்தின் அருகே விளையாடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது. தொழுநோய் என்ற சொல்லின் மீது அக்காலம் கொண்டிருந்த அச்சம் அதுதான்.

ஒன்பதாம் வயதில் படிப்புக்காகப் பால் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் தந்தை மலைக்காய்ச்சலின் கடுமையான வகை ஒன்றால் கொல்லிமலையிலேயே இறந்தார். மகன் அவரை மீண்டும் பார்க்கவேயில்லை. தாய் எவலின் மலைமக்களை மறந்துவிடவில்லை. மிஷன் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் மலைக் கிராமங்களுக்குக் குதிரையில் சென்று மருந்து கொடுத்தார். 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

சீழையும் இரத்தத்தையும் சிறுவயதிலேயே பார்த்த பாலுக்கு மருத்துவத்தின்மீது வெறுப்பே இருந்தது. எனவே கட்டடத் தொழில் கற்றார். தச்சு, கொத்து வேலைகளில் ஐந்து ஆண்டுகள் பயின்றார். பிறகு ஒரு மருத்துவமனையில், உயிர் போய்விட்டது என்றே தோன்றிய பெண்ணுக்கு இரத்தம் ஏற்றப்பட்டு அவர் முகத்தில் நிறம் திரும்பியதைக் கண்டார். அந்தக் காட்சி அவரை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்றது. லண்டனில் படித்து, இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சிதைந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்து தேர்ந்தார். உடன் படித்த மார்கரெட்டை மணந்தார். தச்சரின் கையும் அறுவைச் சிகிச்சையாளரின் கையும் ஒருவரிடமே அமைந்தது பின்னாளில் பெரும் பயன் தந்தது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946 இறுதியில் பிராண்ட் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அதை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அந்த ஆண்டுதான் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் குடியேறியிருந்தார். 1845இல் மதுரைப் பகுதியின் காய்ச்சலுக்குத் தப்பி அமெரிக்க மிஷனரிகள் கட்டிய முதல் வீடுகளிலிருந்து வளர்ந்த ஊர் அது. 1960 மே மாதம் மறையும்வரை ஐடா ஸ்கடர் அங்கேயே வாழ்ந்தார். வாசலுக்கு வரும் நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற பிடிவாதத்தில் எழுந்தது அவருடைய மருத்துவமனை. ஆயினும் அங்குகூடத் தொழுநோயாளிகளை மற்ற நோயாளிகளோடு சேர்த்துக்கொள்வதில் தயக்கம் இருந்தது. அவர்களைப் பார்த்தால் ஏனையோர் ஓடிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள்.

1947இல் பிராண்ட் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றார். அங்கிருந்த தொழுநோய் வல்லுநர் டாக்டர் ராபர்ட் காக்ரேன் வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் நகம்போல் மடங்கிய கைகள். இதற்குக் காரணம் என்ன, எலும்பு மூட்டு வல்லுநர்கள் என்ன செய்கிறார்கள் என்று பிராண்ட் கேட்டார். அதுவரை எந்த எலும்பு மூட்டு வல்லுநரும் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை என்பது தெரிந்தது. மடங்கிய கையுடைய ஒருவரிடம் தம் கையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடி இரும்பாய் இருந்தது. வலிமையற்றுப் போனதாக எல்லோரும் நினைத்த கையில் சில தசைகள் முழு வலிமையோடு இருந்தன. அப்படியானால் நோய் எல்லாத் தசைகளையும் தாக்கவில்லை. எதைத் தாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும்.

அந்த ஒழுங்கைத் தேடி, இறந்த நோயாளி ஒருவரின் உடலை ஆராய இரவோடு இரவாகச் செங்கல்பட்டுக்கு விரைந்தார். நரம்புகள் முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் போன்ற இடங்களில், தோலுக்கு அருகே ஓடும்போது மட்டும் வீங்கியிருந்தன. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளை விரும்புவது. ஆழத்தில், வெதுவெதுப்பான இடத்தில் ஓடும் நரம்புகளை அது அவ்வளவாகத் தொடவில்லை. ஆகவே முன்கையின் மேற்பகுதித் தசைகள் பிழைத்திருந்தன. நல்ல தசை ஒன்றின் நாணைப் பிரித்து, செயலிழந்த விரல்களுக்கு வழிமாற்றி இணைத்தால் விரல் மீண்டும் நிமிரும். 1948 முதல் வேலூரில் அந்த அறுவைச் சிகிச்சைகள் தொடங்கின. பிச்சை எடுப்பதற்கு மட்டுமே நீண்ட கைகள் எழுதவும் உண்ணவும் கற்றன.

எலியும் சாவியும்

பிராண்டின் வாழ்க்கையில் என்னை மிகவும் ஈர்ப்பது இதற்குப் பின் வந்த தோல்விதான். சீராக்கப்பட்ட கைகளில் மீண்டும் புண்கள் தோன்றின. விரல்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது, அந்தச் சதை ஆறாது என்பதே அன்றைய மருத்துவ நம்பிக்கை. அதை ஏற்றுக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

பிராண்ட் ஒவ்வொரு புண்ணுக்கும் பிறப்பிடம் தேடினார். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, நோயாளியான ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருப்பிவிட்டான். தரையில் இரத்தம் சொட்டியது. சாவியின் விளிம்பு அவன் விரலை எலும்பு தெரியும்வரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை, நெருப்பில் விழுந்த கிழங்கை வெறுங்கையால் எடுத்துக்கொடுத்த முதியவரைப் பார்த்தார். வேலூரில் நோயாளிகளுக்காக 1951இல் அமைத்த நவஜீவ நிலையத்தில், மாலையில் நன்றாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. இரவில் கண்விழித்துப் பார்த்தபோது உண்மை புலப்பட்டது. உறங்குபவரின் உணர்வற்ற விரலை எலி கொறித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு அங்கிருந்து வீடு திரும்பியவர்கள் ஆளுக்கொரு பூனையைக் கொண்டுசென்றார்கள்.

சுத்தியலின் பிடி, கொதிக்கும் பாத்திரம், செருப்பில் நீட்டிய ஆணி, உள்ளே கிடந்த சிறு கல் எனக் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. விரல்களைத் தின்றது கிருமி என்று நம்பப்பட்ட இடத்தில், உணரப்படாத அன்றாடக் காயமே குற்றவாளியாக நின்றது. கண்ணிலும் இதுவே நடந்தது. விழியில் உணர்வு மங்கியவர்கள் இமைப்பதை மறந்தார்கள். இமை மூடாத விழி உலர்ந்து பார்வை போனது. மெல்லும் தசையின் ஒரு பகுதியை இமையோடு இணைத்து, உணவை மெல்லும்போதெல்லாம் கண் மூடும்படி பிராண்ட் தம்பதியர் அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மார்கரெட் தொழுநோயாளிகளின் கண் மருத்துவத்தில் வல்லுநரானார்.

ஆறுவதற்கு உடல் கேட்பது

சதை ஆறாது என்ற நம்பிக்கையை உடைத்ததே பிராண்டின் பெரிய பணி என்பது என் எண்ணம். காயத்தை மேலும் காயப்படாமல் காத்தால், தொழுநோயாளியின் புண்ணும் மற்றவர் புண்ணைப் போலவே ஆறுகிறது என்று அவரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள்.

உடல் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும் முறை வியப்பானது. காயம் பட்டதும் இரத்தக் குழாய் சுருங்குகிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாயை அடைக்கின்றன. ஃபைப்ரின் என்னும் இழைகள் அதன்மேல் வலை பின்னி இரத்தத்தை உறையச் செய்கின்றன. அடுத்து அந்த இடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கிறது. வெள்ளை அணுக்கள் திரண்டுவந்து கிருமிகளையும் செத்த திசுக்களையும் விழுங்குகின்றன. சில நாட்களில் புதிய நுண்குழாய்களும் கொலாஜன் நார்களும் சேர்ந்து இளஞ்சிவப்பான புதுச்சதை பள்ளத்தை நிரப்புகிறது. ஓரங்களிலிருந்து தோலின் செல்கள் ஊர்ந்து வந்து மேலே மூடுகின்றன. தழும்பு இறுகி முதிர ஓர் ஆண்டுக்கும் மேலாகலாம். அப்போதும் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காடே திரும்பும்.

இத்தனை வேலைகளையும் உடல் நம்மைக் கேளாமலே செய்கிறது. நம்மிடம் அது கேட்பது ஒன்றைத்தான்: அந்த இடத்தைத் தொந்தரவு செய்யாதே. வலி அந்தக் கட்டளையைத் தெரிவிக்கிறது. காலில் புண் உள்ளவர் நொண்டுகிறார். அந்த நொண்டல் ஒரு சிகிச்சை. நெடுந்தூரம் நடப்பவர், தாம் அறியாமலே அடியெடுத்து வைக்கும் விதத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, களைத்த இடத்துக்கு ஓய்வு தருகிறார். உணர்விழந்த காலில் இந்த மாற்றம் நிகழ்வதில்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுகிறது. உள்ளே அழற்சி தோன்றி, கொப்புளமாகி, புண்ணாகி வெடிக்கிறது. புதிதாக வளரும் சதையும் அடுத்த அடியில் நசுங்குகிறது.

எனவே பிராண்ட் மருந்தைவிட ஓய்வையே நம்பினார். இந்தியாவிலும் இலங்கையிலும் 1930களில் சில மருத்துவர்கள் கையாண்ட ஒரு முறையை எடுத்துக்கொண்டார். பாதத்தோடு ஒட்டி மாவுக்கட்டுப் போட்டு, உடலின் பாரத்தைக் கால் முழுவதும் பரவச் செய்வது அது. பல மாதங்கள் ஆறாத புண்கள் கட்டுக்குள் சில வாரங்களில் ஆறின. ஆறிய பாதம் மீண்டும் புண்ணாகாதிருக்க, மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்புகள் உருவாயின. எம்சிஆர் செருப்பு என்ற பெயரில் மருத்துவமனைகளில் அவை இன்றும் வழங்குகின்றன. பாதத்தில் புண் வருமுன் அந்த இடம் சூடாகும் என்பதால், உள்ளங்கையால் தடவிச் சூட்டைக் கண்டுபிடிக்கும் பழக்கத்தையும் அவர் வளர்த்தார்.

விலைக்குக் கிடைக்காத வலி

1950களில் ஓர் இரவு, அமெரிக்கப் பயணம் முடித்து லண்டன் வந்த பிராண்ட் களைப்போடு காலுறையைக் கழற்றினார். குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. இத்தனை ஆண்டுகள் தொட்டுத் தொட்டுச் சிகிச்சை செய்த நோய் தம்மையும் பற்றிவிட்டதென்றே கருதினார். மனைவி மக்களைப் பிரிந்து வாழும் வாழ்க்கையை எண்ணியபடி இரவைக் கழித்தார். விடிந்ததும் மீண்டும் ஊசியைக் குத்தினார். வலித்தது. நெடும் இரயில் பயணத்தில் நரம்பு அழுந்தி மரத்திருந்ததே காரணம். அந்தக் குத்தலைப்போல் இனிய உணர்வைத் தாம் அறிந்ததில்லை என்பதை அவர் பின்னர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே ஒரு துணிவான முயற்சி நடந்தது. இழந்த வலியைக் கருவிகளால் உண்டாக்க முடியுமா? அழுத்தத்தை அளக்கும் உணரிகள் பொருத்திய கையுறைகளைச் செய்தார்கள். ஆபத்து வந்தால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் வேலையைத் தொடர்ந்தார்கள். பிறகு உணர்வுள்ள இடத்தில் மின்னதிர்ச்சி தரும்படி மாற்றினார்கள். ஆபத்தான ஒரு வேலையைச் செய்ய விரும்பியபோது நோயாளிகள் கருவியை அணைத்துவிட்டு, வேலை முடிந்ததும் மீண்டும் இயக்கினார்கள். பல ஆண்டுகள் உழைத்த பின் திட்டம் கைவிடப்பட்டது.

வலியின் பயன், அதை நம்மால் அணைக்க முடியாது என்பதில்தான் இருக்கிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத காவலன்தான் நம்மைக் காக்க முடியும். வலியைக் கொடை என்று தலைப்பிட்டுப் பத்திரிகையாளர் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து ஒரு நூல் எழுதும் அளவுக்குப் பிராண்டுக்கு அந்த எண்ணம் உறுதிப்பட்டது. இதை வலி தீர்க்கும் மருத்துவத்துக்கு எதிரான வாதமாகக் கொள்ளக் கூடாது. எச்சரித்து முடித்த பின்னும் ஓயாத வலியைத் தணிப்பது மருத்துவரின் கடமை. எச்சரிக்கையைக் கேட்பதற்கு முன்பே அதன் வாயை அடைப்பதுதான் பிழை.

பழனிக்கு நடக்கும் கால்கள்

மருந்துகளால் இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகிறது. ஆயினும் உலகில் ஆண்டுதோறும் கண்டறியப்படும் புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். எனவே பிராண்டின் பணி முடிந்துவிடவில்லை. அதைவிடப் பெரிய கவலை நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள். நெடுநாள் கட்டுப்படாத சர்க்கரை, பாதத்தின் நரம்புகளை மழுங்கச் செய்கிறது, இரத்தவோட்டத்தைக் குறைக்கிறது, வெள்ளை அணுக்களின் போராற்றலையும் தளர்த்துகிறது. காவலனும் போய், படையும் சோர்ந்து, உணவு வரும் வழியும் குறுகிய கோட்டையாகிறது பாதம். கார்வில்லில் பிராண்டின் குழு தொழுநோய்க்காகக் கண்ட முறைகள் பின்னர் உலகெங்கும் நீரிழிவுப் பாதத்துக்குப் பயன்பட்டதற்குக் காரணம் இதுவே.

பழனி மலையடிவாரத்தில் வளர்ந்த எனக்குத் தை மாதம் என்றாலே காவி வேட்டியும் பச்சை வேட்டியுமாகச் சாலையை நிறைத்து வரும் பாதயாத்திரைக் கூட்டம்தான் நினைவுக்கு வரும். செட்டிநாட்டிலிருந்து காவடி சுமந்து பல நாட்கள் நடந்து வருகிறார்கள். கொங்கு நாட்டிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். பலர் காலணி அணிவதில்லை. நேர்த்திக்கடனின் மேன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் பெரியப்பாவும் ஆண்டு தவறாமல் நடந்தவர். சர்க்கரை நோய் வந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு, கால் முன்புபோல் வலிப்பதில்லை, முருகன் அருளால் நடை எளிதாகிவிட்டது என்று மகிழ்ந்தார். அது அருளன்று, நரம்பு மழுங்கியதன் அறிகுறி என்பது பெருவிரலை எடுக்க நேர்ந்தபோதுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தின் சில இடங்களைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டால் போதும். பாதத்தைக் காக்கும் உணர்வு எஞ்சியிருக்கிறதா என்பதைக் காட்டும் இந்த எளிய சோதனைக்கு அளவுகோல் வகுத்ததில் கார்வில் மருத்துவமனைக்குப் பெரும் பங்குண்டு. தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். பாதங்களைக் காப்பதற்கென்று தனித் திட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த இழை அந்த ஊழியர்கள் ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும். பாதயாத்திரைப் பாதையில் அமைக்கப்படும் மருத்துவ முகாம் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டும். உணர்வு குறைந்தவர் என்று தெரிந்தால், மெத்தென்ற செருப்போடு நடக்கவோ வேறு நேர்ச்சையைத் தேர்ந்தெடுக்கவோ அவருக்கு எடுத்துச் சொல்லலாம்.

கொடைக்கானல் மலைக் கிராமங்களில் பூண்டுக்கும் காரட்டுக்கும் ஈர மண்ணில் வெறுங்காலோடு உழைப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கிருந்து நல்ல மருத்துவமனைக்கு இறங்கிவரப் பல மணி நேரம் ஆகும். சிறு கொப்புளத்துக்காக யாரும் மலை இறங்குவதில்லை. ஆகவே கொப்புளத்தை முதல் நாளிலேயே அடையாளம் காணும் அறிவு மலைமேல் இருந்தாக வேண்டும்.

பிராண்ட் தம் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தது மிக எளிய பழக்கம். நரம்பு சொல்லாததைக் கண் சொல்லட்டும் என்று, நாள்தோறும் கையையும் காலையும் உற்றுப் பார்க்கப் பழக்கினார். குனிய முடியாதவர் தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்க்கலாம். கண் மங்கியவருக்கு வீட்டில் உள்ளவர் பார்த்துச் சொல்லலாம். உறங்கப் போகுமுன் அதற்கு இரண்டு நிமிடம் போதும். உடல் தன்னை ஆற்றிக்கொள்ள ஆயத்தமாகவே இருக்கிறது; காயம் எங்கே என்று யாரேனும் பார்த்துச் சொன்னால் போதும்.